வெட்டு எங்கே விழ வேண்டும்? ஒலி எடிட்டிங் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: வெட்டு. எங்கே வெட்டுவது, வெட்டிய இடம் ஏன் காதில் விழுகிறது, வெட்டாமலே விடலாமா. மிக்ஸிங் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு எடிட்டிங் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ரீப்பர் எடிட்டிங் மென்பொருளில் குரலை வெட்டி ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது. திரையில் பார்த்தால் வெட்டு சுத்தமாகத்தான் இருக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்? (மதுரை வாசகர்)

பதில்: இன்னும் பெரிதாக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஒலி அலை நடுக்கோட்டுக்கு மேலும் கீழுமாகப் போய்வருகிறது. மேலே நிற்கும் ஒரு புள்ளியில் வெட்டி, கீழே நிற்கும் இன்னொரு புள்ளியோடு ஒட்டினால் அலை அந்த இடத்தில் படி தவறியதுபோல் குதிக்கும். ஸ்பீக்கரும் கூடவே குதிக்கும். அதுதான் அந்த டிக்.

அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டுவது ஒரு வழி. ஆடாசிட்டி மென்பொருளில் ஒரு பகுதியைத் தேர்வு செய்து இசட் விசையை அழுத்தினால் இரு முனைகளும் பக்கத்திலுள்ள அப்படிப்பட்ட புள்ளிக்குத் தானே நகரும். ஆனால் அலை ஏறுமுகமா இறங்குமுகமா என்பதும் பொருந்த வேண்டும். ஸ்டீரியோ என்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடுவது அபூர்வம். அதனால் ஒரு துண்டு மெல்ல இறங்க அடுத்தது மெல்ல ஏறும் கிராஸ்ஃபேடைத்தான் நான் நம்புகிறேன். இரண்டு துண்டுகளையும் 5 முதல் 15 மில்லி செகண்ட் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் குரலுக்குப் போதும். ரீப்பரில் தானியங்கி கிராஸ்ஃபேட் அணைந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லா வெட்டிலும் டிக் வருகிறது என்றால் எனக்கு அதன் மேல்தான் சந்தேகம்.

டேப் காலத்திலும் இதே பிரச்சினை இருந்தது. கால் அங்குல டேப்பை பிளேடால் நேராக வெட்டாமல் 45 டிகிரி சாய்த்து வெட்டுவார்கள். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அந்தச் சாய்வு, டேப்பைப் படிக்கும் ஹெட்டைக் கடக்க ஏறக்குறைய 17 மில்லி செகண்ட் ஆகும். இன்று நாம் மவுஸால் இழுக்கும் ஃபேடும் கிட்டத்தட்ட அந்த நீளம்தான்.

கேள்வி: சார், ஒரு சரணத்துக்குப் பாடகி ஆறு டேக் (ஆறு முறை பாடிய பதிவு) கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வரி பிரமாதம். சேர்த்து ஒன்றாக்கினால் ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரிகிறது. கிராஸ்ஃபேட் எல்லாம் கொடுத்துத்தான் இருக்கிறேன். (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: கிராஸ்ஃபேட் டிக்கைத்தான் மறைக்கும், குரலின் நிற மாற்றத்தை மறைக்காது. நீங்கள் அலையைப் பார்த்து வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எழுத்தைப் பார்த்து வெட்டுங்கள்.

'காத்திருந்தேன்' என்று பாடும்போது 'த்' வரும் இடத்தில் நாக்கு பல்லை அடைக்கிறது; ஒரு கணம் ஒலியே இல்லை. திரையில் அந்த இடம் கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்கும். முதல் டேக்கின் 'கா'வை அந்த அடைப்போடு நிறுத்தி, நான்காவது டேக்கின் 'திருந்தேன்' அங்கிருந்து தொடங்கினால் யாருக்கும் தெரியாது. ஒற்று இரட்டிக்கும் வல்லினம் எல்லாமே இப்படிப்பட்ட கதவுதான்: க்க, ட்ட, த்த, ப்ப, ற்ற. சகரத்தின் சீறலும் வெட்டை நன்றாக மூடிவிடும். ஆனால் வல்லினம் என்ற பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். 'நகம்', 'படம்' போன்ற சொற்களின் நடுவில் வரும் ஒற்றை வல்லினத்தில் குரல் அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே வெட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். மெல்லினமும் இடையினமும் அப்படித்தான், அதிலும் ழகரமும் ரகரமும் மோசம். நீட்டிப் பிடித்த உயிரின் நடுவே வெட்டவே வேண்டாம். இரண்டு டேக்கிலும் அசைவு ஒன்றுபோல் இருக்காது, பாடகி மைக்கிலிருந்து நின்ற தூரமும் இருக்காது.

ஒரு வரியை வேறு டேக்கிலிருந்து எடுக்கும்போது அதற்கு முன்னால் வரும் மூச்சையும் சேர்த்தே எடுங்கள். மூச்சு அடுத்த வரிக்குச் சொந்தமானது. உச்சத்துக்குப் போகும் வரிக்கு அவர் ஆழமாக இழுத்திருப்பார். அங்கே பழைய டேக்கின் சின்ன மூச்சு இருந்தால் ஏதோ பொய் என்று கேட்பவருக்குத் தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது. இன்னொன்று: ஆறு டேக்கையும் சமமாகப் பங்கு போடாதீர்கள். ஒரு டேக்கை அடித்தளமாக வைத்து, அது சறுக்கிய இடங்களுக்கு மட்டும் மற்றவற்றிடம் கடன் வாங்குங்கள். லாஜிக் மென்பொருளிலும் ரீப்பர் 7-லும் டேக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்து மவுஸால் தேய்த்தே தேர்ந்தெடுக்கலாம். அது அவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் சொல்லுக்குச் சொல் டேக் மாற்றும் ஆசை வருகிறது.

இதே ஒற்று விஷயத்தில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. ஒரு தேவாரப் பதிவில் இடைவெளிகளைச் சுத்தம் செய்ய, மௌனத்தைத் தானாக நீக்கும் வசதியை ஓட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மென்பொருளுக்குச் சொல்லுக்கு நடுவே வரும் அடைப்பும் ஒன்றுதான், வரிக்கு நடுவே வரும் இடைவெளியும் ஒன்றுதான். 'பத்து' என்பது 'பது' என்று தேய்ந்திருந்தது. மறுநாள் ஓதுவார் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, ஒற்றெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டார். கால் நொடிக்குக் குறைவான மௌனத்தைத் தொடாதே என்று ஓர் எண்ணை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும்.

கேள்வி: மூச்சுச் சத்தத்தை முழுசாக எடுத்துவிடலாமா? (பெயர், ஊர் இல்லை)

பதில்: வேண்டாம். 6 முதல் 10 டெசிபல் வரை குறைத்துப் பாருங்கள். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் போட்ட பிறகு மூச்சு தூக்கலாகக் கேட்பதால்தான் எரிச்சல், குறைத்தால் போதும்.

கேள்வி: அண்ணா, எங்கட கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் ஒரே ரெக்கோடரில் பதிவு செய்தம். தவில் ஓங்கி விழுற இடமெல்லாம் ஒலி பிளந்து கேக்குது. எடிட் பண்ணித் திருத்தலாமோ? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: முழுசாகத் திருத்த முடியாது. அளவு மீறியதால் அலையின் தலை தட்டையாகச் சீவப்பட்டுவிட்டது. அங்கே என்ன இருந்தது என்ற தகவல் ஃபைலில் இல்லை. சீவப்பட்ட அலையைச் சீராக்கும் டி-கிளிப் பிளக்-இன்கள் (மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவிகள்) சுற்றியுள்ள வளைவைப் பார்த்து ஊகித்து வரைகின்றன. ஒன்றிரண்டு அடி என்றால் நன்றாகவே வேலை செய்யும். தவில் தனியாக வாசிக்கும் பகுதியில் அதேபோன்ற நல்ல அடி வேறெங்காவது இருந்தால் அதை நகலெடுத்து வைக்கலாம். நாதஸ்வரம் கூடவே ஒலிக்கும் இடத்தில் அந்த வேலை ஆகாது. நகலெடுத்த அடியோடு வேறு ஸ்வரமும் ஒட்டிக்கொண்டு வரும்.

அடுத்த முறை, ஓங்கி விழும் அடியே மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்துக்கொள்ளுங்கள். 16 பிட்டின் வீச்சு, அதாவது மிகச் சன்னமான ஒலிக்கும் மிக ஓங்கிய ஒலிக்கும் உள்ள இடைவெளி, ஏட்டளவில் சுமார் 96 டெசிபல், 24 பிட்டுக்கு சுமார் 144. 24 பிட்டில் பதிந்தால் தாழ்வாகப் பதிவதால் நட்டம் எதுவும் இல்லை.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து தங்கை பாடி அனுப்பிய ஃபைலை என் புராஜெக்ட்டில் போட்டால் பாட்டு இழுக்கிறது, சுருதியும் இறங்கிவிட்டது. அவளோ சரியாகத்தான் பாடினேன் என்று சத்தியம் செய்கிறாள். (சென்னை வாசகர்)

பதில்: தங்கையை நம்புங்கள். அவர் 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு அத்தனை சாம்பிள், அதாவது அலையின் அளவீடுகள்) பதிவு செய்திருப்பார், உங்கள் பக்கம் அது 44,100 என்று எண்ணி ஓடுகிறது. நான்கு நிமிடப் பாட்டு நான்கு நிமிடம் 21 நொடி ஆகும், சுருதி ஒன்றரை செமிடோனுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். ஐந்து கட்டையில் பாடியது நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் எங்கோ தொங்கும். கீபோர்டின் எந்தக் கட்டையோடும் சேராமல் நிற்கிறதா என்று பாருங்கள், நோய் இதுதான் என்று உறுதியாகிவிடும். பெரும்பாலான மென்பொருள்கள் இறக்குமதி செய்யும்போதே மாற்றித் தரும். அந்தத் தேர்வை விட்டுவிட்டீர்களா, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேறு எண்ணில் ஓடுகிறதா என்று பாருங்கள். டைம் ஸ்ட்ரெச், பிட்ச் ஷிஃப்ட் போட்டுச் சரிக்கட்ட வேண்டாம்.

கேள்வி: மிருதங்கத்தை இரண்டு மைக்கில் பதிந்தோம், வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு (இடது முகம்) ஒன்று. கிளிக்கோடு (தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி) சேரவில்லை. குவான்டைஸ் (அடிகளைத் தாளக் கட்டங்களில் தானாகப் பொருத்துவது) செய்தால் உயிரே போய்விடுகிறது. (திருச்சி வாசகர்)

பதில்: கையில் கத்தி எடுக்கும் முன் ஒரு சோதனை. பத்து அடிகளைப் பெரிதாக்கி, கிளிக்கிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்தும் ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 12 மில்லி செகண்ட், தாமதம் என்றால் வாசித்தவர் மேல் குற்றமில்லை, அது லேட்டன்சி, அதாவது கருவிகள் ஒலியைக் கடத்துவதில் வரும் தாமதம். 44,100-ல் 512 சாம்பிள் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் அளவு) என்பதே 11.6 மில்லி செகண்ட். மென்பொருள் இதை ஈடுசெய்யும், ஆனால் இன்டர்ஃபேஸின் டிரைவர் தவறான கணக்கைச் சொன்னால் ஈடும் தவறும். இரண்டு டிராக்கையும் சேர்த்து முன்னே, அதாவது திரையில் இடப்பக்கம், நகர்த்துங்கள், வேலை முடிந்தது.

அடிக்கு அடி மாறுகிறது என்றால்தான் எடிட்டிங். அப்போதும் எல்லா அடியையும் கட்டத்துக்குள் தள்ளாதீர்கள். ஆவர்த்தனம் (தாளச் சுற்று) தொடங்கும் சமம், முத்தாய்ப்பான தீர்மானம் வந்து இறங்கும் இடம் இவை சேர்ந்தால் நடுவில் உள்ளது அவர் நடை. இரண்டு டிராக்கையும் குரூப் செய்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒவ்வோர் அடியும் இரண்டு மைக்கிலும் விழுந்திருக்கிறது, ஒன்றை மட்டும் இரண்டு மில்லி செகண்ட் நகர்த்தினாலே வாத்தியம் தகர டப்பா மாதிரி ஒல்லியாகிவிடும்.

அடி விழும் முனையிலேயே வெட்டாதீர்கள், அதற்குச் சற்று முன்னால். அடியைத் தாமதமாக்க வலப்பக்கம் தள்ளும்போது நடுவில் ஒரு பொந்து விழும். பலரும் இடது துண்டின் வாலை இழுத்து அதை அடைக்கிறார்கள். இழுத்தால் பழைய அடியின் தலை எட்டிப் பார்க்கும், ஒரு அடி இரண்டாகக் கேட்கும். வலது துண்டின் இடது ஓரத்தை இடப்பக்கமாக இழுங்கள். அங்கே இருப்பது முந்தைய அடியின் ஓய்ந்துகொண்டிருக்கும் நாதம்தான். அந்த நாதத்துக்குள்ளேயே கிராஸ்ஃபேடை முடித்துவிடுங்கள். தீம், சாப்பு போன்று நின்று ஒலிக்கும் சொற்களில் இதைச் செய்யாவிட்டால் கழுத்தைப் பிடித்ததுபோல் நாதம் அறும்.

கேள்வி: அண்ணா, கர்நாடக சங்கீதம் கற்ற பாடகர். ஒரே ஒரு இடத்தில் சுருதி தாழ்கிறது. ஆட்டோ-டியூன் போட்டால் கமகம் எல்லாம் படிக்கட்டாகிவிடுகிறது. (தஞ்சாவூர் வாசகி)

பதில்: ஒரே இடம் என்றால் மொத்த டிராக்குக்கும் எதற்கு மருந்து? 1997-ல் வந்த ஆட்டோ-டியூனை உருவாக்கிய ஆண்டி ஹில்டெபிராண்ட், நிலத்தடியில் எண்ணெய் தேடும் அதிர்வலை ஆய்விலிருந்து வந்தவர். அந்தக் கருவி வருகிற குரலைப் பக்கத்திலுள்ள நிலையான ஸ்வரத்துக்கு இழுக்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடுவதுதான் அதன் உருவம். கருவி அதைத் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஊசலையும் ஏதாவது ஒரு கட்டையில் உட்காரவைக்கிறது.

சுருதியைக் கையால் திருத்தும் மெலடைன் மாதிரி ஒரு மென்பொருளை எடுங்கள். அதில் ஒரு ஸ்வரத்தின் மையமும் அதன் அசைவும் தனித்தனிக் கருவிகள். தாழ்ந்த ஸ்வரத்தை இரு பக்கமும் பிரித்து, மையத்தை மட்டும் மெதுவாக உயர்த்துங்கள், அசைவைத் தொடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு தம்புராவோடு கேளுங்கள். திரையில் அது கோட்டின் நடுவில் இல்லாவிட்டால் இல்லாமல் போகட்டும்.

கேள்வி: ஃபேன் சத்தம், கூடவே ஒரு 'ம்ம்ம்' இரைச்சல். ஆடாசிட்டியில் நாய்ஸ் ரிடக்ஷன் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது. (சேலம் வாசகர்)

பதில்: கொஞ்சமாகப் போடுங்கள். குறைக்கும் அளவை 6 டெசிபலில் வைத்துப் பாருங்கள். அந்த 'ம்ம்ம்' மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். 50, 100, 150 ஆகிய இடங்களில் மட்டும் ஈக்யூவில் (அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) குறுகலாகக் குழி வெட்டினால் குரலுக்குச் சேதமில்லாமல் நிறையப் போய்விடும். ஃபேனுக்கு நல்ல பிளக்-இன் சுவரில் இருக்கும் சுவிட்ச்.

கேள்வி: எடிட் முடித்த டிராக்குகளை மிக்ஸிங் செய்பவருக்கு எப்படி அனுப்புவது? (வேலூர் வாசகர்)

பதில்: எல்லா டிராக்கும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, 24 பிட் வேவ் ஃபைலாக. நடுவில் ஒரே ஒரு முறை வரும் வீணையாக இருந்தாலும் முன்னால் மௌனத்தோடு பூஜ்யத்திலிருந்தே எடுங்கள், அவர் எங்கே வைப்பது என்று தேட வேண்டியிருக்காது. எம்பி3 வேண்டாம். தரம் குறைவது ஒருபக்கம்; சுருக்கும்போது தொடக்கத்தில் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும், தாளம் நகரும்.

பயன்படாத டேக்குகளை அழித்து இடம் மிச்சம் பிடிக்காதீர்கள். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்கு 9 எம்பிகூட வராது. நான்கு நிமிடப் பாட்டுக்கு ஆறு டேக் என்றாலும் சுமார் 207 எம்பிதான். ஒருமுறை நான் 'பயன்படாத ஃபைல்களை நீக்கு' என்பதை அழுத்திய அடுத்த வாரமே, பல்லவிக்கு அந்த இரண்டாவது டேக்கே இருக்கட்டும் என்று தயாரிப்பாளரிடமிருந்து போன் வந்தது. பாடகர் அதற்குள் ஊருக்குப் போயிருந்தார்.