உஸூன்கோப்ரூ வரை போவது வீணா?

இஸ்தான்புல் பயணத்தில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, ஒரு பழைய கல்பாலத்துக்காக துருக்கியின் உஸூன்கோப்ரூ என்ற ஊர் வரை போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'அங்கே ஒன்றுமே இல்லை' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எனக்கு அந்த ஊர் மேல் தனிப் பாசம் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் திருப்பூர்க்காரன். 2019-ல் சாயமேற்றும் மெஷின் பயிற்சிக்காக துருக்கியின் சோர்லு நகரத்தில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன்.    ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வேலை பார்த்த துருக்கி நண்பனோடு உஸூன்கோப்ரூவுக்கு ரயிலேறிப் போனேன்.

உஸூன் என்றால் நீளம், கோப்ரூ என்றால் பாலம். ஊர்ப் பெயரே அதுதான். கலிபோலியிலிருந்து எதிர்னே நகரம் போகும் வழியில் எர்கெனே ஆறும் சதுப்பும் குறுக்கே கிடந்ததால், ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் முராத் காலத்தில் இந்தப் பாலத்தைக் கட்டினார்கள். 1440-களில் முடிந்த வேலை. சுமார் 1,400 மீட்டர், 174 வளைவுகள், எல்லாம் கல். வேலையோடு சேர்ந்து ஊரும் வளர்ந்தது. கீழே புல்லில் இறங்கி வளைவுகளை எண்ணிக்கொண்டே நடந்தோம். சில வளைவு வட்டம், சில கூர்முனை. ஒரு கல்லில் யானை! தேய்ந்துபோய், தும்பிக்கை மட்டும் தெளிவாக இருந்தது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

அப்புறம் ஆற்றங்கரைக்கு வந்தோம். தண்ணீர் கறுப்பாக, கரையோரம் நுரை கட்டிக் கிடந்தது. அந்த வாடையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், சாயக்கழிவு ஓடிய நொய்யல் கரையில் பிறந்தவன். ஆற்றின் மேல்பகுதியில் சோர்லு பக்கத்துச் சாய ஆலை, தோல் ஆலைக் கழிவுதான். நான் பயிற்சி எடுத்ததும் அதே சோர்லுவில். சிறுவயதில் இங்கே மீன் பிடித்ததாக டீக்கடைப் பெரியவர் சொன்னதை நண்பன் மொழிபெயர்த்தான். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாயத் தொழிலைக் குறை சொல்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் வீட்டு அடுப்பு எரிவதும் அதில்தான். சுத்திகரிக்காமல் விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். எங்கள் ஊருக்கும் சேர்த்துத்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கண்டிப்பாகப் போங்கள். 2021-ல் பராமரிப்புக்காகப் பாலத்தில் வண்டிகளை நிறுத்தினார்கள், இப்போதைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும். சேறு இல்லாத நாளாகப் பார்த்து, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்குங்கள். பாலத்தின் மேலே நின்றால் யானை தெரியாது.