பையனை அனுப்பாதீர்கள்

கேள்வி: என் கணவர் பத்து வருடமாகக் குடிக்கிறார், இப்போது தினமும். போன வாரம் அவரே, "குடியை விட்டவங்க சேர்ந்து கூட்டம் போடுறாங்களாமே, விசாரி" என்றார். எங்கள் ஊர் சர்ச் பள்ளிக்கூடத்திலேயே அப்படி ஒரு கூட்டம் நடக்கிறதாம். ஆனால் உள்ளூர் வேண்டாம். அவர் அரசு வேலையில் இருக்கிறார், பெண்ணுக்கு நாளைக்கு வரன் பார்க்க வேண்டும், வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். திருச்சியிலோ சென்னையிலோ நல்ல குழு இருந்தால் சொல்லுங்கள். மற்றபடி வீட்டில் சண்டை சச்சரவு இல்லை. ராத்திரி, எட்டாவது படிக்கும் பையன் போய்க் கூப்பிட்டால் பேசாமல் வந்துவிடுவார்.
– ஒரு வாசகி, மயிலாடுதுறை பக்கம்

பதில்: கடைசி வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை அம்மா. பையன் போய்க் கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று, அது என்னவோ அவருடைய நல்ல குணம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எட்டாவது என்றால் அவனுக்குப் பதின்மூன்று வயது இருக்குமா? டாஸ்மாக் அடைப்பது ராத்திரி பத்து மணிக்கு. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை படிப்பை அப்படியே போட்டுவிட்டு, கடைத்தெருவைத் தாண்டிப் போய், பார் வாசலில் நின்று, "அப்பா, வாப்பா" என்று கூப்பிட்டு, தள்ளாடுகிறவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வருகிறான். 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிற மாநிலத்தில், உங்கள் பிள்ளைக்கு அந்த வாசல் பழகிப்போய்விட்டது.

இதில் மானம் என்கிறீர்கள். யாருக்கு இன்னும் தெரியாது? டீக்கடைக்காரருக்குத் தெரியும், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், அவனோடு படிக்கிற பிள்ளைகளின் அப்பாக்களுக்குத் தெரியும். நாளைக்கு வரன் விசாரிக்க வருகிறவர்கள் இவர்களிடம்தான் கேட்கப்போகிறார்கள். நீங்கள் ஏன் போகாமல் அவனை அனுப்புகிறீர்கள்? உங்களை அங்கே யாரும் பார்த்துவிடக் கூடாது. அவனைப் பார்த்தால் பரவாயில்லையா? கோபமாகத்தான் கேட்கிறேன். புருஷன் பேரைக் காப்பாற்றுவது பெண்டாட்டியின் கடமை என்று கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் அந்தக் கடமையைப் பெற்ற பிள்ளையின் தலையில் கட்ட யாருக்கும் உரிமை இல்லை. இன்றைக்கு ராத்திரி அவனை அனுப்பாதீர்கள். அவர் அண்ணன் தம்பி யாராவது இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், கூடப் பிறந்தவர்களுக்கும் பொறுப்பு உண்டு. யாரும் இல்லையென்றால், எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று உங்களுக்குப் பயமாக இருந்தால், நீங்கள் போங்கள்.

சரி, குழுவுக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸாக இருக்க வேண்டும், சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். 1935ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக நின்று தொடங்கியது. கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். முழுப்பேரோ வேலையோ கேட்க மாட்டார்கள். சர்ச் இடம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான், எந்த மதத்தாரும் போகலாம். அங்கே கேட்டதை வெளியே பேசுவதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. அதை மீறி ஒருவர் உங்கள் கணவரை அங்கே பார்த்ததாகச் சொன்னால், தானும் ஏன் அங்கே இருந்தேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

உள்ளூரில் போனால்தான் பிரயோஜனம். குடிக்கிறவருக்குப் பொழுது சாயும்போது கை கால் நிலைகொள்ளாது. அப்போது போன் போட்டால் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து கூட உட்கார, ஏற்கெனவே குடியை விட்ட ஒருவர் வேண்டும், ஸ்பான்சர் என்பார்கள். திருச்சியில் இருக்கிறவர் உங்கள் வீட்டுக்கு எப்படி வருவார்? புதிதாக வருகிறவர்களிடம் 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்வது ஏ.ஏ.வில் வழக்கம். சின்ன ஊரில் தினமும் கூட்டம் நடக்காது, நடக்கிறதில் ஒன்றையும் விடாமல் போகலாம். சென்னைக்கு என்றால் இரண்டு தடவை போவார், மூன்றாம் தடவை லீவு இல்லை என்பார், நீங்களும் சரி என்று விட்டுவிடுவீர்கள்.

தினமும் குடிக்கிறவர், அதுவும் காலையில் கை நடுங்குகிறது என்றால், வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். கூட்டம் வைத்தியத்துக்குப் பதில் ஆகாது, இரண்டும் வேண்டும். 14446 என்ற இலவச எண்ணில் கேட்டால் பக்கத்தில் இருக்கும் சிகிச்சை மையத்தைச் சொல்வார்கள். யாரோ சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியாமல் குழம்பில் குடியை நிறுத்த வைக்கும் மாத்திரையைக் கலந்து வைக்காதீர்கள். எத்தனையோ வீடுகளில் செய்கிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடக்கூடும்.

மானத்துக்கும் ஒன்று சொல்கிறேன். சாந்தி ரங்கநாதன் பெரிய தொழில் குடும்பத்து மருமகள், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அதை மூடி மறைக்காமல் 1980ல் சென்னையில் குடிநோய் சிகிச்சைக்கென்றே டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு, ஏனென்றால் குடிக்கிறவரோடு வீடே நோயில் விழுகிறது. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற குழுவும், பிள்ளைகளுக்கு அலட்டீனும் இருக்கின்றன. உங்கள் பக்கத்தில் நடக்கிறதா என்று அந்த ஏ.ஏ.காரர்களிடமே கேளுங்கள்.

பையனிடம் நீங்கள்தான் பேச வேண்டும். அப்பா குடிப்பதற்கு நீ காரணம் இல்லை, அவரைத் திருத்துவது உன் வேலையும் இல்லை, இனி நீ போக வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். "பரவாயில்லம்மா, நானே போறேன்" என்பான். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கணவர் வாய்விட்டுக் கேட்டே ஒரு வாரம் ஆகிவிட்டது. குடிக்கிறவர் தானாக இப்படிக் கேட்பது அடிக்கடி நடக்காது. ஏ.ஏ.வில் ஓபன் மீட்டிங் என்று உண்டு, குடும்பத்தாரும் வரலாம். அது என்றைக்கு என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் நாளைக்கே விசாரித்து, அவரோடு நீங்களும் போங்கள்.