கேமியோ புரோச்சில் சுட்ட ஊசி வைத்தால்

கேள்வி: வக்கீல் சார், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். போன மாதம் மட்டாஞ்சேரியில் ஒரு பழம்பொருள் கடையில் 48,000 ரூபாய்க்கு கேமியோ புரோச் (புடைப்பாக உருவம் செதுக்கி, உடையில் குத்திக்கொள்ளும் நகை) வாங்கினேன். விக்டோரியா காலம், இத்தாலியில் சிப்பியில் செதுக்கியது என்றார் கடைக்காரர். இங்கே பத்தர் ஊசியைச் சுட வைத்துக் குத்திப் பார்த்து, பிளாஸ்டிக் என்கிறார். கடைக்காரர் போனில் சிரிக்கிறார். வீட்டுக்காரி அழுதபடி இருக்கிறாள். 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: சிரிப்பையும் அழுகையையும் 5 லட்சத்தையும் விடுங்கள். எழுத்தில் என்ன இருக்கிறது? பில்லில் ‘ஆன்டிக் புரோச் 1’ என்று மட்டும் இருந்தால், “ஆன்டிக் பாலிஷைச் சொன்னேன்” என்பார். நகைக்கடையில் நேற்றுச் செய்த ஆரத்துக்கும் அதே பெயர்தானே! வாட்ஸ்அப்பில் ‘சிப்பி’ என்று அவர் எழுதிய ஒரு வரி இருந்தால், அதுதான் உங்கள் வழக்கு. வயதைப் பிடித்துத் தொங்காதீர்கள். பரிசோதனைக் கூடத்தில் சிப்பியா பிளாஸ்டிக்கா என்று சொல்லிவிடுவார்கள். எந்த வருஷம் செதுக்கியது என்று கேட்டால் கையை விரிப்பார்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்து தோரே தெல் கிரேக்கோவில் இன்றைக்கும் சிப்பியில் செதுக்குகிறார்கள்; சிப்பி என்றாலே பழசு என்று ஆகாது.

எனக்கு உறுத்துவது பத்தர் சுட்டுக் குத்திய அந்த ஊசிதான். என் கட்சிக்காரர் ஒருவர் புரோச்சின் கொக்கி ஆடுகிறதென்று பத்தரிடம் மாற்றிக்கொண்டு, அப்புறம் என்னிடம் வந்தார். பழைய புரோச்சில் பின்பக்க ஊசியின் நுனி வெறும் வளைவில் உட்காரும். உருட்டிப் பூட்டும் கொக்கி 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் புதுக் கொக்கியைக் காட்டி, “நாங்கள் விற்றது இது இல்லை” என்றார். எங்களிடம் பதில் இல்லை. உங்கள் புரோச்சில் ஊசிப் பொத்தல் இருக்கிறது. அசல் எங்கே, பொருளை மாற்றிவிட்டீர்கள் என்று உங்களிடமும் கேட்பார்கள்.

வாங்கிய அன்று எடுத்த படம் ஏதாவது போனில் இருக்கிறதா பாருங்கள். செதுக்கலில் ஒரு மூக்கு நுனி, ஒரு சுருள் முடி ஒத்துப்போனாலும் பிடி கிடைக்கும். அந்தப் போனை விற்காதீர்கள். புரோச்சைக் கழுவாதீர்கள், இன்னொரு பத்தரிடம் காட்டாதீர்கள். பரிசோதனை வேண்டுமென்றால் பாலக்காடு நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டு, ஆணையம் வழியாகவே கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். கடைக்காரர் “கொண்டு வாருங்கள், பார்க்கிறேன்” என்றால், கையெழுத்துப் போட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

படமும் இல்லை, ‘சிப்பி’ என்ற எழுத்தும் இல்லை என்றால், ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, 30,000 திரும்பத் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.