ஓடையில் விட்ட விரால் குஞ்சு ஏன் நிற்பதில்லை?

அண்ணே, ஒடுகத்தூர் பக்க ஓடையில் இரண்டு வருஷமாக விரால் குஞ்சு வாங்கி விட்டும் ஒன்றும் தங்கவில்லை என்கிறீர்கள். குறை குஞ்சில் இல்லை. பொக்லைன் வைத்துக் கரையைக் கோரைப்புல்லோடு வழித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விரால் கூடு கட்டுவதே அந்தக் கோரைக்குள்தான். செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் மேலே மூச்சு வாங்க வரும், அடியில் பெரிய மீன் காவல் நிற்கும். ஒளிய இடமில்லாவிட்டால் கொக்குக்குத்தான் விருந்து.

அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை இடித்தார்கள். வழி திறந்ததும் சால்மன் மீன் கடலிலிருந்து மறுபடி ஆற்றின் மேலே ஏறியது. உங்களுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். கோடையிலும் நீர் நிற்க ஒரு மடுவை மட்டும் ஆழப்படுத்துங்கள், கோரையை வளர விடுங்கள். அப்புறம், ஜிலேபிக் கெண்டையை (திலாப்பியா) மட்டும் உள்ளே விட்டுவிடாதீர்கள்.