எட்டா, ஐந்தா?

கேள்வி: புது ஆல்பம் ஒன்றுக்கு ஒரு விமர்சகர் 8 கொடுக்கிறார், இன்னொருவர் 5 கொடுக்கிறார். யாரை நம்புவது?

பதில்: முதலில் இரண்டும் ஒரே அளவுகோலா என்று பாருங்கள். அமெரிக்க இசைப் பத்திரிகையான ரோலிங் ஸ்டோன் பல காலம் 5 நட்சத்திரத்துக்குள் மதிப்பிட்டது, பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இசை இதழ் 0.0 முதல் 10.0 வரை தசமத்தோடு போடும், அமெரிக்க இசை விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969 முதலே பள்ளிக்கூடம் மாதிரி ஏ, பி என்று கிரேடு கொடுத்தவர். விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் இணையதளம் இவை எல்லாவற்றையும் 100-க்கு மாற்றி சராசரி எடுக்கிறது, அதில் ‘பி பிளஸ்’ என்பது 83 ஆகிவிடும். எழுதியவர் மனதில் அந்த 83 இருந்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

அப்புறம் அவகாசம். ஆல்பம் வெளியாகும் நாளிலேயே விமர்சனமும் வரவேண்டும் என்ற அவசரத்தில் நாலைந்து முறை கேட்டுவிட்டு எழுதுபவர்கள் உண்டு. ஆனால் முதல் தடவை சட்டென்று ஒட்டிக்கொள்ளும் மெட்டு பத்தாவது தடவை சலித்துப்போகும், முதலில் கவனிக்காமல் விட்ட ஏழாவது பாட்டில் குரலுக்கு அடியில் ஓடும் பேஸ் கிட்டார் ஒரு வாரம் கழித்துத்தான் காதில் விழும். பிட்ச்ஃபோர்க்கே 2021-ல் தன் பழைய மதிப்பெண்களில் 19-ஐத் திருத்தியது. பாடகி லிஸ் ஃபேரின் 2003 ஆல்பத்துக்குப் போட்டிருந்த 0.0, அப்போது 6.0 ஆனது!

சரி, யாரை நம்புவது? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஐந்து ஆல்பங்களைப் பற்றி அந்த இருவரும் எழுதியதைத் தேடிப் படியுங்கள். நீங்கள் கேட்டதையே கேட்டிருக்கிறார் என்று யாருடைய எழுத்தில் தோன்றுகிறதோ, அவர் 5 போட்டாலும் முழுசாகப் படியுங்கள்.