முதல் வேலைக்கு முன்னே நிற்கும் தடைகள்: கேள்வி பதில்

அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் (ஐடிஐ) ஒன்றில் பயிற்றுநராக இருந்து, பிற்பாடு வளாக நேர்காணல்களைக் கவனிக்கும் பொறுப்பையும் ஏற்று, அண்மையில் ஓய்வு பெற்றவன் நான். பதினாறு முதல் பத்தொன்பது வயது வரையிலான பிள்ளைகளின் முதல் வேலை குறித்துப் பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

தேனியிலிருந்து ஒரு தாய்: பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய என் மகனுக்கு 16 வயது. விடுமுறையில் செல்பேசி பழுதுபார்க்கும் கடைக்குப் போக ஆசைப்படுகிறான். கடைக்காரரோ வயதைச் சொல்லித் தயங்குகிறார். சட்டப்படி அது தவறா?

தவறில்லை, அம்மா. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் செய்த திருத்தத்தின்படி, 14 வயது நிறையாதவர்களைத்தான் வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதும் கலைஞராக நடிப்பதும் மட்டும் விலக்கு. 14 முதல் 18 வரை உள்ளவர்கள் சுரங்கம், வெடிபொருள், ஆபத்தான செயல்முறைகள் போன்றவை தவிர்த்த வேலைகளுக்குப் போகலாம். ஆனால் நேரத்துக்கு வரம்பு உண்டு. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; அதன்பின் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும்; ஓய்வையும் சேர்த்து நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலையே கூடாது, மிகைநேரமும் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை கட்டாயம். கடைக்காரரிடம் இந்த நேரக் கணக்கைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, பையனின் வயதுச் சான்றின் நகலையும் கொடுத்துவிட்டால் அவருடைய தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

பல்லடத்திலிருந்து ஒரு தந்தை: வேலைவாய்ப்பு முகாமில் என் மகள் தேர்வானாள். சேரப் போன இடத்தில், ஆதாரில் ஒரு பெயரும் மதிப்பெண் சான்றிதழில் ஒரு பெயரும் இருப்பதாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதற்கா வேலை போக வேண்டும்?

உங்கள் ஆற்றாமை புரிகிறது. என் பணிக்காலத்தில் பிள்ளைகள் கைநழுவ விட்ட வேலைகளில் திறமைக் குறைவால் போனவற்றைவிட, இப்படி எழுத்துப் பிசகால் போனவையே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மிடம் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதுகிறோம். வடக்கே வடிவமைத்த படிவமோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்கிறது. பள்ளியில் ‘எஸ். கவிதா’, ஆதாரில் ‘கவிதா செந்தில்’, வங்கியில் ‘கவிதா எஸ்’ என்று மூன்றும் மூன்று விதமாகப் பதிவாகிவிட, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்கும் நாளில் கணினி மூவரையும் வேறு வேறு ஆட்களாகப் பார்க்கிறது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்ற ஆவணங்களை அதற்கு ஏற்பத் திருத்துவதே எளிய வழி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்ற முடியும் என்பதால், சேவை மையத்தில் தட்டச்சு செய்பவர் முன் அமர்ந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். ஆதார் திருந்தியதும் வங்கிக் கணக்கு. அதன் பிறகு மற்றவை.

இதோடு இன்னும் இரண்டைக் கவனியுங்கள். சிறு வயதில் ஆதார் எடுத்த பிள்ளைகள் 15 வயதானதும் கைரேகையையும் கருவிழியையும் மறுபடி பதிய வேண்டும். 17 வயதுக்குள் செய்தால் கட்டணமில்லை. இதைச் செய்யாத பிள்ளைகளுக்கு வேலையில் சேரும் நாளன்று கைரேகை ஒத்துப்போகாமல் போகிறது. மற்றொன்று, ஆதாருடன் இணைத்த செல்பேசி எண். பல வீடுகளில் அது அப்பாவின் பழைய எண்ணாக இருக்கும். அந்த சிம் கார்டு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. உங்கள் மகளின் எண்ணையே இணைத்துவிடுங்கள்.

கடலூரிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவர்: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். நேர்காணலில் ஆங்கிலத்தில் கேட்பார்களே என்ற பயத்திலேயே இரண்டு முகாம்களுக்கு நான் போகவில்லை.

தம்பி, போகாத நேர்காணலில் எவரும் உங்களை நிராகரிக்கவில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் வட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்து ஆள் எடுக்க வந்தவர்களோடு எத்தனையோ நாள்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இயந்திர இயக்குநர், பொருத்துநர் நிலை வேலைகளுக்கு அவர்கள் கேட்டவற்றுள் பெரும்பாலானவை தமிழிலேயே இருந்தன. ஊர் எது, வீட்டில் யார் யார், எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்க முடியுமா, இரவு ஷிப்டு வந்தால் என்ன செய்வீர்கள், விடுதியில் தங்குவீர்களா, ஒரு டஜனுக்கு 84 ரூபாய் என்றால் ஐந்துக்கு எவ்வளவு. கேட்பவர் பார்ப்பது உங்கள் ஆங்கிலத்தை அன்று; சொன்னதைக் காதில் வாங்கி நேராக விடை சொல்கிறீர்களா என்பதை.

ஆங்கிலம் தேவைப்படும் ஒரே இடம் பெரும்பாலும் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்லும் இடம்தான். அதற்கு நான்கு வாக்கியங்கள் போதும்: பெயர், ஊர், படிப்பு, செய்யத் தெரிந்த ஏதேனும் ஒரு வேலை. இணையத்தில் கிடைக்கும் நீண்ட பத்தியை மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு சொல் மறந்தால் முழுவதும் சரிந்துவிடும். உங்கள் நான்கு வாக்கியங்களைப் பக்கத்து வீட்டு அக்காவிடமோ பழைய ஆசிரியரிடமோ பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நான்காவது வாக்கியம்தான் முக்கியம். அப்பாவின் காய்கறிக் கடையில் மாலையில் கணக்கு எழுதுவது, திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டுவது, ஆடு மேய்த்துக்கொண்டே படித்தது எல்லாம் வேலைதான். நம் பிள்ளைகள் இவற்றைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். ஆனால் எதிரில் இருப்பவர் பொறுப்புணர்வுக்கு அடையாளமாக எடுத்துக்கொள்வது இதைத்தான்.

இன்னும் ஒரு சிறு விஷயம், கேட்டால் சிரிப்பீர்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் உங்கள் வயதினர் எடுப்பதில்லை. வேலை தருகிறவர் உங்களுக்குத் தெரியாத எண்ணிலிருந்துதான் அழைப்பார்.

மதுரையிலிருந்து ஒரு அண்ணன்: எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் அனுபவம் கேட்கிறார்கள். வேலையே கிடைக்காத என் தம்பி அனுபவத்துக்கு எங்கே போவான்?

தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சிக்குப் போகட்டும். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 2019-இல் திருத்திய விதிகள் வகுத்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 6,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஐடிஐ சான்றுக்கும் 7,000, பட்டயப் படிப்புக்கு 8,000. தம்பிக்கு 18 நிறையவில்லை என்றால் ஒப்பந்தத்தில் தந்தையோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும்.

ரயில்வேயைச் சேர்ந்த பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையும் திருச்சி பொன்மலைப் பணிமனையும் பழகுநர்களை எடுக்கின்றன. பெரம்பூரில் ஐடிஐ படிக்காதவர்களுக்கும் சில பிரிவுகள் உண்டு. தேர்வு பெரும்பாலும் மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது. ரயில்வேயின் முதல் நிலை (லெவல்-1 எனப்படும் கடைநிலை)ப் பணியிடங்களில் 20 விழுக்காடு, ரயில்வேயில் பழகுநர் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. ஒளிக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பயிற்சி முடிந்ததும் அந்த நிறுவனமே வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஆனாலும் ஓராண்டு கழித்து அனுபவம் கேட்கும் விளம்பரத்துக்கு உங்கள் தம்பி தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.

விழுப்புரத்திலிருந்து ஒரு மாணவி: நிறுவனத்தில் சேர்த்துவிட 15,000 ரூபாய் வைப்புத்தொகையும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார் ஒரு முகவர்.

இரண்டையும் கொடுக்காதீர்கள். அசல்களைச் சரிபார்ப்புக்குக் காட்டி, கையோடு திரும்ப வாங்கி வர வேண்டும். இணையம் வழியாகப் பணம் ஏற்கெனவே போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்மாமன்: அக்கா மகளுக்கு 17 வயது. நூற்பாலை விடுதியில் தங்கி மூன்றாண்டு வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவார்கள் என்று தரகர் சொல்கிறார்.

சுமங்கலித் திட்டம் என்று கொங்கு மண்டலத்திலும் உங்கள் மாவட்டத்திலும் பேர்போன ஏற்பாட்டின் மறுவடிவம் இது. உழைத்த கூலியை மாதந்தோறும் கொடுத்தாக வேண்டும்; அதில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து மூன்றாண்டு முடிவில் தருவதற்குச் சட்டத்தில் இடமில்லை. இடையில் உடல் நலம் கெட்டு வீடு திரும்பிய பெண்கள் பலர் அந்தத் தொகையைக் கண்ணால் கூடக் கண்டதில்லை. 17 வயதுப் பெண்ணை இரவில் வேலை வாங்குவதும் தவறு. இப்படி ஏற்கெனவே சிக்கியவர்கள் இருந்தால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கோ தெரிவியுங்கள்.

அந்தப் பெண் அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால் வேறு வழி இருக்கிறது. அரசினர் ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்துச் சலுகை அட்டையும் உண்டு. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். நூற்பாலைக்கே போகத்தான் வேண்டும் என்றாலும், 18 வயதும் கையில் ஒரு சான்றிதழும் வந்த பிறகு போனால் அவள் நிலைமை வேறு.

சேலத்திலிருந்து ஒருவர்: 17 வயதில் உணவு விநியோக வேலைக்குப் போகலாமா?

கூடாது. 16 வயதில் கிடைப்பது 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டுமே. சிறுவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது.

திருவண்ணாமலையிலிருந்து ஒரு தந்தை: சென்னைக்கு அருகே தொழிற்சாலையில் சேர்ந்த மகன் பன்னிரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டான். பொறுப்பில்லாதவன் என்று எல்லோரும் பேசுகிறார்கள்.

அவனிடம் பணக் கணக்கைக் கேட்டீர்களா? அறைக்கு முன்பணம், மெஸ்ஸுக்கு ஒரு மாதத் தொகை, பாதுகாப்புக் காலணி, பேருந்து என்று முதல் வாரத்திலேயே கை காலியாகிவிடும். சம்பளமோ அடுத்த மாதம் ஏழாம் தேதி வாக்கில்தான் வரும். மாதத் தொடக்கத்தில் சேர்ந்த பையன் முப்பத்தைந்து நாள்களுக்கு மேல் சொந்தப் பணத்தில் வாழ வேண்டியிருக்கும். வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுச் சமாளித்து, முடியாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஊரார் காதில் ‘வேலை பிடிக்கவில்லை’ என்று சொல்வார்கள். உள்ளதைச் சொல்ல மாட்டார்கள்.

காரணம் இதுவே என்றால், மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் அழைத்து மகனையே பேசச் சொல்லுங்கள். நீங்கள் பேச வேண்டாம். பன்னிரண்டு நாள் வேலை பழகிய பையனைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. இம்முறை அனுப்பும்போது ஒன்றரை மாதச் செலவைக் கணக்கிட்டு, பாதியைக் கையிலும் மீதியை அவன் வங்கிக் கணக்கிலும் போட்டு அனுப்புங்கள்.