பாதிப் பின்னலும் நட்பும்

அன்புள்ள அக்கா,

வாரம் ஒருமுறை கூடும் ஒரு நிட்டிங் குழுவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. ஏழெட்டுப் பேர் வருகிறோம். மற்றவர்கள் தொப்பி, காலுறை, குழந்தைக்கு ஸ்வெட்டர் என்று முடித்ததையெல்லாம் கொண்டுவந்து மேசைமேல் விரிக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு சால்வை. அதையும் பின்னிப் பின்னிப் பிரித்து, இன்னும் பாதியைத் தாண்டவில்லை. வெட்கமாக இருப்பதால் இரண்டு வாரமாகப் போகவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவர்கள் யார் வீட்டுக்கும் நான் போனதில்லை. சிலருக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். இது நட்புதானா, இல்லை ஒரே பொழுதுபோக்கு உள்ளவர்கள் கூடிக் கலைவது மட்டும்தானா?

கே.

அன்புள்ள கே.,

முடித்த ஸ்வெட்டரைக் கொண்டுவந்து விரித்தால் மற்றவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள், நிறம் நன்றாக இருக்கிறது என்பார்கள், என்ன நூல் என்று கேட்பார்கள். ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். எங்கோ கணக்குத் தப்பி ஊசியிலேயே நிற்கிற பாதிச் சால்வை வந்தால்தான் நாலு பேர் அதன்மேல் குனிவார்கள். ஒருவர் ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை, அதாவது கண்ணிகளை எண்ணுவார், இன்னொருவர் எப்படிப் பின்னுவது என்ற குறிப்பை, அதாவது பேட்டர்னை வாசிப்பார். குழுவுக்கு வேலை கொடுப்பதே முடியாத பின்னல்தான். வெட்கப்பட்டு அதை வீட்டில் வைத்துவிட்டால் அவர்களுக்கு இழப்பு.

ஒரு கண்ணி நழுவும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். அது தனக்குக் கீழே உள்ள வரிசைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே இறங்கும். அந்த இடத்தில் ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல்கள் மட்டும் நிற்கும். தனியாக இருக்கிற புதியவர் பதறிப்போய் மொத்தத்தையும் பிரித்துவிடுவார். பக்கத்தில் பழகிய கை இருந்தால் நுனியில் கொக்கி உள்ள ஒரு க்ரோஷா ஊசி போதும். அடியில் தொங்கும் கண்ணிக்குள் ஊசியை விட்டு, அதற்கு மேலே உள்ள குறுக்கு நூலைக் கொக்கியில் மாட்டி உள்ளே இழுத்தால் ஒரு வரிசை சரியாகிவிடும். அப்படியே ஒவ்வொரு படியாக ஏறி, கடைசிக் கண்ணியைப் பின்னல் ஊசியில் திரும்ப ஏற்ற வேண்டும். புத்தகத்தில் படித்தால் இது ஏறாது, பக்கத்திலிருந்து பார்த்தால் உடனே பிடிபடும்.

உங்கள் சால்வை துளைப் பூ வேலைப்பாடு கொண்டதாக இருந்தால் இந்த முறை உதவுவது கடினம். அதற்கு வேறு வழி இருக்கிறது. ஒரு பூவரிசை தப்பில்லாமல் முடிந்ததும், வேறு நிறத்தில் வழுவழுப்பான மெல்லிய நூலைத் தையல் ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டிவிடுங்கள். பிறகு எங்கே தப்பினாலும் அந்த நூல் வரைக்கும் பிரித்தால் போதும், பிரிவது அங்கே நின்றுவிடும். நீங்கள் முதலிலிருந்து பிரிப்பதைப் படித்ததும் இதைச் சொல்லத்தான் கை பரபரத்தது.

இனி நட்பைப் பற்றி.

எங்கள் குழுவில் ஒருவர், ஸ்வெட்டர் கைக்கு எத்தனை வரிசைக்கு ஒருமுறை கண்ணி குறைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதிலைக் கேட்டுக்கொண்டு, அதே குரலில், “எங்க வீட்டுக்காரருக்கு மறதி நோய்னு டாக்டர் சொல்லிட்டார்” என்றார். ஊசியை யாரும் கீழே வைக்கவில்லை. அவர் முகத்தை யாரும் உற்றுப் பார்க்கவும் இல்லை. அதனால்தான் அவரால் மேலே பேச முடிந்தது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து, காபி ஆறுவதைப் பார்த்துக்கொண்டு அவரால் அதைச் சொல்லியிருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. கண் வேலையில் இருக்கும்போது சொல்லுக்கு இடைவெளி விடலாம், நடுவே இரண்டு வரிசை முழுக்கப் பேசாமலும் இருக்கலாம். யாராவது “இருங்க, எண்ணி முடிச்சிடறேன்” என்றால் மற்றவர் காத்திருப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் குழுவுக்கு வருவதற்காக இப்போது எங்களில் ஒருவர் முறை வைத்து அவர் கணவரோடு இருக்கிறோம். அவர் வீட்டு வாசலை அதற்கு முன் நாங்கள் மிதித்ததே இல்லை.

பிள்ளைகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் யார் நல்ல நூலை எடுத்துப் பின்னத் துணியாமல் வைத்தே பூட்டுகிறார், யார் பின்னுவதையெல்லாம் கொடுத்துவிடுகிறார், யார் நாலு பின்னலைத் தொடங்கி ஒன்றையும் முடிப்பதில்லை என்பதெல்லாம் தெரியும். ஒருவரின் கை நடை தெரியும். மனம் சரியில்லாத வாரத்தில் நூலை இழுத்துப் பிடிப்போம், கண்ணி இறுகும். 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்ற கணக்கில் ஒரு ஸ்வெட்டரின் 100 செ.மீ. சுற்றளவுக்கு 200 கண்ணி போட்டிருப்போம். கை இறுகி அதே 10 செ.மீ.க்குள் 22 கண்ணி விழுந்தால், சுற்றளவு சுமார் 91 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் அந்த இடத்தில் விரலை ஓட்டிவிட்டு “என்ன, இந்த வாரம் தூக்கம் இல்லையா?” என்று கேட்கிறாரே, அவரை நண்பர் என்று சொல்ல வேறென்ன சான்று வேண்டும்?

2013-இல் ஜில் ரைலியும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் பல நாடுகளில் பின்னுகிற 3,545 பேரின் பதில்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் அதிக அமைதியும் மகிழ்ச்சியும் உணர்வதாகச் சொன்னார்கள். குழுவாகச் சேர்ந்து பின்னுவது பிறரோடு பேசிப் பழக உதவுகிறது என்றும் தெரிந்தது. இது பின்னுகிறவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது, ஆகவே பின்னல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நீங்கள் வாரம் முழுக்கக் காத்திருப்பதும் அதே வகைச் சாட்சிதான். எனக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சில குழுக்களில் காட்டுவதே போட்டியாகிவிடும். யார் வேகம், யாருடைய நூல் விலை அதிகம் என்று பேச்சு போகும். உங்கள் குழு அந்தப் பக்கம் சாய்ந்தால், முதல் அரைமணி நேரத்தைச் சிக்கலில் நிற்கும் வேலைகளுக்கு ஒதுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். உங்களைப் போலவே பாதிப் பின்னலைப் பையிலிருந்து வெளியே எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறவர் அங்கே நிச்சயம் ஒருவராவது இருப்பார்.

இரண்டு வாரம் வராதவருக்குப் போன் போட்டு விசாரிக்கும் வழக்கம் உங்கள் குழுவில் இருக்கிறதா? உங்களுக்கு யாரும் பேசவில்லை என்றால் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம், அப்படியொரு வழக்கம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை யாராவது வராமல் போனால் நீங்கள் பேசுங்கள். பிள்ளைகள் எத்தனை என்று அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா